பிள்ளையும் கெடாமல், புத்தகமும் கசங்காமல்

"எங்க பையன் புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறான்" என்று அலுத்துக்கொள்ளாத பெற்றோர் இன்று அபூர்வம். இவர்களையெல்லாம், நிஜமாகவே வாசிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டு நாள் தங்க வைக்க வேண்டும். அந்தப் பிள்ளை நான்கு தடவை கூப்பிட்டாலும் சாப்பிட வராது. வந்தாலும் இடது கையில் புத்தகம் இருக்கும். சாம்பார் எதன்மேல் சிந்துகிறது என்ற நினைவே இருக்காது. கல்யாண மண்டபத்தில் மற்றப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாட, இது மட்டும் பந்தி நாற்காலிகள் அடுக்கிய மூலையில் உட்கார்ந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையிலேயே விழாது என்று பெரியப்பா எடுத்துவிட்டால், "விழும் பெரியப்பா, சாயங்காலமாப் போய்ப் பாருங்க" என்று சபையிலேயே சொல்லும். மாமா வீட்டுக்குப் போனால் மாமாவிடம் பேசாது, மாமாவின் அலமாரியைக் குடையும்.

நமக்கு எதற்கு இந்த வம்பு? அதே சமயம், 'படிப்பு வாசனை உள்ள குடும்பம்' என்ற பெயரும் போய்விடக் கூடாது. வாசிப்பை வளர்க்கிறோம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். வாசிப்பு வளர்ந்துவிடவும் கூடாது. இந்த நுட்பமான காரியத்துக்கான வழிமுறைகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். எதுவும் புதிதல்ல. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கையாளப்பட்டு நல்ல பலன் கண்டவை.

புத்தகக் காட்சிக்குப் போகும் முறை

பிள்ளைக்குப் புத்தகம் வாங்க உகந்த இடம் புத்தகக் காட்சிதான். சென்னையில் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977இலிருந்து நடத்திவருகிறது. இப்போது மாவட்டத் தலைநகரங்களிலும் நடக்கிறது. சென்னைக் காட்சிக்கு என்றால் பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் மாலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். கூட்டம் நெரியும். முதல் வரிசையிலிருந்து முறையாக ஆரம்பித்து, உங்களுக்கு வேண்டிய சமையல், ஜோதிடம், பங்குச்சந்தை, பிரபல எழுத்தாளருடன் செல்ஃபி என எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அரங்கை எட்டும்போது மணி எட்டைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்குள் குழந்தைக்குக் கால் வலித்திருக்கும், பசித்திருக்கும், தூக்கமும் வந்திருக்கும். புத்தகம் என்றாலே கால் வலி என்று உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும்.

அரங்குக்குள் மணிக்கட்டை விடாதீர்கள். விட்டால் குழந்தை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எதையாவது புரட்ட ஆரம்பிக்கும். பத்து நிமிடம் அப்படிப் புரட்டவிட்டால், பிறகு எந்தப் புத்தகம் தனக்கானது என்று அதற்கே தெரிந்துவிடும். பல நாடுகளில் ஆசிரியர்கள் சொல்லித்தரும் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திற. தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு. ஐந்து விரலும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு வேண்டாம், ஒன்றிரண்டு என்றால் எடுத்துக்கொள். இது மட்டும் எந்தக் குழந்தை காதிலும் விழக் கூடாது. விழுந்தால், தேர்ந்தெடுப்பதற்கு நாம் தேவையில்லை என்று ஆகிவிடும்.

குழந்தையின் கை எப்போதும் ஒல்லியான படப் புத்தகத்துக்குத்தான் போகும். அங்கேதான் உங்கள் திறமை. வாங்கிப் பக்கங்களை எண்ணுங்கள். இருபத்துநான்கு இருக்கும். விலையைப் பக்கத்தால் வகுத்து, கடைக்காரருக்குக் கேட்கும்படி, "பக்கத்துக்கு நாலு வரி, மிச்சமெல்லாம் படம். இதுக்கா இவ்வளவு?" என்று கேளுங்கள். குழந்தை வெட்கப்பட்டுப் புத்தகத்தைத் திரும்ப வைக்கும். அந்தப் படம்தான் பாதிக் கதையைச் சொல்கிறது, வரியில் இல்லாததைக் குழந்தை படத்தில் படிக்கிறது என்றெல்லாம் கடையில் நிற்கும் இளைஞர் விளக்க வருவார். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வாங்க வேண்டியது எது? எடை பாருங்கள். தடித்த அட்டை, வழவழப்பான தாள், '365 நீதிக் கதைகள்' என்பதுபோல் ஒரு தலைப்பு. அட்டையில் எழுதியவர் பெயர் இருக்காது. படம் வரைந்தவர் பெயரும் இருக்காது. பாதுகாப்பான புத்தகத்துக்கு இதுவே அடையாளம். யாரும் ஆசைப்பட்டு எழுதாத புத்தகத்தை யாரும் ஆசைப்பட்டுப் படித்துவிட மாட்டார்கள்.

எழுதியவர், வரைந்தவர் பெயரை அட்டையிலேயே போடுகிற பதிப்பகங்களிடம் கவனமாக இருங்கள். சென்னையிலேயே 1994 முதல் தாரா, 1996 முதல் துளிகா என்று இருக்கிறார்கள். துளிகாக்காரர்கள் ஒரே பக்கத்தில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் போடுவதால், 'இவனுக்குத் தமிழ் வராது' என்ற நம் பெருமைக்கும் இடமில்லாமல் போகிறது. இன்னும் சிக்கலானது 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட். விலை அவ்வளவு குறைவு என்பதால் 'கட்டுபடியாகாது' என்ற காரணம் எடுபடாது. 'தாள் மட்டம்' என்று சொல்லித் தப்பிக்கலாம். அங்கே 'டோட்டோ-சான்' தமிழில் கிடைக்கும். அதைத் தாண்டி வேகமாக நடங்கள். பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த ஒரு ஜப்பானியப் பள்ளியின் கதை அது. படித்த பிள்ளை மறுநாளே தன் பள்ளியைப் பற்றிக் கேள்வி கேட்கும். மூன்று தவணையாகக் கட்டணம் கட்டுகிறவர்கள் அதையெல்லாம் தாங்க மாட்டார்கள்.

வெளியே வந்ததும் மிளகாய் பஜ்ஜியும் டெல்லி அப்பளமும் வாங்கிக் கொடுங்கள். எது வேண்டும் என்று குழந்தையையே கேட்கலாம், தவறில்லை.

எந்த வயதுக்கு எது

ஆறு வயதுப் பிள்ளைக்குப் பத்து வயதுப் புத்தகம், பத்து வயதுக்கு இருபது வயதுப் புத்தகம். இதுதான் சூத்திரம். 'அக்னிச் சிறகுகள்' இதற்கு வெகுகாலமாகக் கைகொடுத்து வருகிறது. ஏவுகணை உந்துபொறியும் அலுவலகக் கூட்டங்களும் வரும் பெரியவர்களுக்கான சுயசரிதை அது, நல்ல புத்தகம்தான். அதனாலேயே எட்டாவது பிறந்தநாளுக்குக் கொடுத்துவிட வேண்டும். தெரிந்த வீடுகளில் ஒரே அலமாரியில் மூன்று பிரதிகள் பார்த்திருக்கிறேன், மூன்றிலும் முதல் பக்கத்தில் வெவ்வேறு மாமாக்களின் கையெழுத்து. நான்காம் பக்கத்தைத் தாண்டிய அறிகுறி ஒன்றிலும் இல்லை.

அடுத்து, 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், பெட்டியோடு. "உன் வயசுல நான் இதை ரெண்டு தடவை முடிச்சிட்டேன்" என்ற வாக்கியத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அது 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாரத்துக்குக் கொஞ்சமாக, மிச்சம் என்னவோ என்று ஏழு நாள் தவிக்கவிட்டு வந்த கதை என்பதைச் சொல்ல வேண்டாம். அம்மாவோ பாட்டியோ பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்ததை, மதியம் எல்லாரும் தூங்கும் நேரத்தில் யாரும் சொல்லாமலே நீங்கள் எடுத்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டாம். ஐந்து பாகத்தையும் மேஜைமேல் அடுக்கி, தினம் இருபது பக்கம் என்று அட்டவணை ஒட்டிவிடுங்கள். வந்தியத்தேவன் வீராணம் ஏரிக் கரையிலேயே குதிரையோடு நின்றுகொண்டிருப்பான். ஏன் நகரவில்லை என்று நீங்கள் தினமும் விசாரிக்கலாம்.

எடுத்த புத்தகத்தை முடிக்காமல் கீழே வைக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். தானியேல் பென்னாக் என்று ஒரு பிரெஞ்சு எழுத்தாளர், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர், 1992இல் வாசகனுக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று எழுதினார். படிக்காமலே இருக்கலாம், பக்கங்களைத் தாண்டலாம், பாதியில் விடலாம், படித்ததையே திரும்பப் படிக்கலாம் என்று போகிறது அந்தப் பட்டியல். இப்படியெல்லாம் சலுகை கொடுத்தால் பிடிக்காத புத்தகத்தை விட்டுவிட்டுப் பிடித்ததைத் தேடிப் போய்விடாதா? படித்ததையே திரும்பப் படிக்கும் பிள்ளையைக் கண்டால் உடனே "அதான் முடிச்சிட்டியே, மறுபடி என்ன?" என்று கேளுங்கள். இருபதாவது தடவையில்தான் அது அந்த வீட்டுக்குள், அந்தக் காட்டுக்குள் குடியேறுகிறது. அதற்கு முன்னாலேயே காலி செய்ய வைப்பது நம் கடமை.

கதை முடிந்ததும்

இந்தப் பகுதியை மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் தவறினாலும் இது ஒன்று போதும்.

கதை முடிந்த அந்தக் கணம், குழந்தை எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். வாய் லேசாகத் திறந்திருக்கும். அப்போதே கேட்டுவிட வேண்டும்: "இந்தக் கதையில இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" ஓநாய் எப்படி அவ்வளவு காற்றை ஊதியது, நரிக்கு நிஜமாகவே திராட்சை பிடிக்குமா என்றெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அத்தோடு நின்றுவிடும். "பொய் சொல்லக் கூடாது" என்று பதில் வரும். எந்தக் கதைக்கும் இதே பதில் செல்லும் என்று குழந்தை சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். பிறகு கதையைப் படிக்க வேண்டிய அவசியமே அதற்கு இருக்காது.

சிலர் வாதாடுவார்கள்: நம் பழைய கதைகளிலும் முடிவில் கேள்வி உண்டே, 'அம்புலிமாமா'வில் வேதாளம் கேட்கவில்லையா என்று. கேட்டது. 1947இல் தமிழிலும் தெலுங்கிலுமாகத் தொடங்கிய அந்தப் பத்திரிகையில், சங்கர் வரைந்த ராஜா கையில் வாளும் தோளில் பிணமுமாக வருடக்கணக்கில் மயானத்தில் நடந்தார். ஆனால் வேதாளத்தின் கேள்வி வேறு ரகம். மூன்று பேரில் யார் செய்தது பெரிய தியாகம், யாருக்கு அந்தப் பெண் உரியவள் என்று, நியாயம் இரண்டு பக்கமும் இழுக்கிற கேள்வி. தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும், அடுத்த கதை பிறக்கும். வேதாளம் கதையைத் தொடர்வதற்காகக் கேட்டது. நாம் கதையை அடக்கம் செய்வதற்காகக் கேட்கிறோம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நீதியோடு நிறுத்தாமல் புதுச் சொற்கள் பத்து, அவற்றுக்கு அர்த்தம், சொல்லுக்கொரு வாக்கியம் என்று நோட்டில் எழுத வைப்பதும் நல்லது. புத்தகத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பரிசு அறிவிக்கலாம். ஒரே வாரத்தில் அலமாரியில் இருப்பதிலேயே மெல்லிசான புத்தகங்கள் எவை என்று பிள்ளை கண்டுபிடித்து முடித்திருக்கும். காசை நிறுத்தியதும் வாசிப்பும் நிற்கும், செலவும் மிச்சம்.

காமிக்ஸ்

காமிக்ஸ் புத்தகமே அல்ல. இதை அழுத்திச் சொல்லும் தகுதி, சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'யை அப்போதோ மறுபதிப்பிலோ படித்து வளர்ந்த அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும்தான் உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் அந்த ஆளுக்காக அவர்கள் பூகோளப் புத்தகத்தை எவ்வளவு அகலமாக விரித்துப் பிடித்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதிலிருந்து லயன், ராணி, அங்கிருந்து துப்பறியும் கதைகள், அங்கிருந்து சுஜாதா, அங்கிருந்து வேறு எங்கெங்கோ என்று போய்ச் சேர்ந்தவர்கள் இன்று மகளின் கையிலிருக்கும் 'விம்பி கிட்' புத்தகத்தைப் பிடுங்கி, "உருப்படியா ஏதாவது படி" என்கிறார்கள். சரியாகத்தான் செய்கிறார்கள். ஏணியின் முதல் படியை எடுத்துவிட்டால் மேல்படிகளைப் பற்றிக் கவலையில்லை.

பூட்டும் சாவியும்

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான், ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்று போகும். உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். நம் பள்ளிகள் பலவற்றில் ஆறாவது விதி ஒன்று இருக்கிறது: சாவி ஆசிரியரிடம். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. எனவே பீரோ பூட்டியே இருக்கும், புத்தகங்கள் புதுமணம் மாறாமல் இருக்கும், நூலகப் பாடவேளையில் கணக்கு நடக்கும்.

வீட்டிலும் இதையே பின்பற்றுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ், உயர அடுக்கு, முன்வரிசையில் பொம்மை. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், அட்டை தெரிகிற மாதிரி, கசங்கினாலும் பரவாயில்லை என்று நாலு புத்தகத்தைக் கூடையில் போட்டு வைக்கிற வீடுகளுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பொது நூலகம் ஒரு தலைவலி. 1948இல் வந்த சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டத்தின்படி, நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போய்க்கொண்டிருக்கிறது. தெருமுனைக் கிளை நூலகத்துக்கு நீங்கள் ஏற்கனவே காசு கொடுத்தாகிவிட்டது; பிள்ளை போய் உறுப்பினர் ஆக வேண்டியதுதான் பாக்கி. இதை யாரும் அதற்குச் சொல்லித் தொலைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கட்டாயம் ஒருமுறை கூட்டிப் போங்கள். குழந்தைகள் பிரிவில் பெரிய செயற்கை மரம் ஒன்று இருக்கிறது, அதன் கீழ் நிற்க வைத்துப் போட்டோ எடுங்கள், கிளம்பிவிடுங்கள்.

அரசுப் பள்ளிகளில் சில ஆண்டுகளாக 'வாசிப்பு இயக்கம்' என்று ஒன்று நடக்கிறது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள், எளிய தமிழில். நல்லவேளை, நம் பிள்ளை படிப்பது தனியார் பள்ளியில்.

பாட்டி என்னும் அபாயம்

மேற்சொன்ன எல்லாவற்றையும் ஒருவர் தனியாளாகக் கெடுத்துவிட முடியும். அவர் பெரும்பாலும் மூக்குக்கண்ணாடியோடு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். வாராந்தரியோ, மளிகைக்கடைப் பொட்டலத் தாளோ, எதையாவது படித்துக்கொண்டிருப்பார். பேரனைப் படி என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். இரவில் மடியில் போட்டுக்கொண்டு உரக்க வாசிப்பார், ராட்சசன் கதவைத் தட்டும் இடத்தில் நிறுத்தி, "எனக்குக் கண்ணு அசத்துது, மிச்சம் நாளைக்கு" என்பார். மறுநாள் மாலை வரை பொறுக்க முடியாத பிள்ளை தானே எழுத்துக்கூட்ட ஆரம்பிக்கும். எத்தனையோ வீடுகளில் விபத்து இப்படித்தான் நேர்ந்திருக்கிறது.

குழந்தை காதால் கேட்டுப் புரிந்துகொள்வது, கண்ணால் படித்துப் புரிந்துகொள்வதைவிடப் பல ஆண்டு முன்னால் ஓடும். ஆகவே எழுத்துக்கூட்டத் தெரிந்த மறுநாளே, "இனிமே நீயே படிச்சுக்கோ" என்று வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுங்கள். பென்னாக் தன் புத்தகத்தில், வாசிப்பை வெறுக்கும் பதின்வயது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் நாவலை உரக்க வாசித்துக் காட்டியே அவர்களைத் திருப்பும் காட்சியை எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய பிள்ளைகளிடமே வேலை செய்கிறது என்றால், எட்டு வயது எம்மாத்திரம்?

பாட்டிக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கைமீறிப் போனால்

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் நள்ளிரவில் போர்வைக்குள் வெளிச்சம் தெரியலாம். முதலில் பதறாதீர்கள். முக்கியமாகத் திட்டாதீர்கள். தடுக்கப்பட்ட புத்தகத்துக்குத் தனி ருசி உண்டு. திட்டினால் நாளை இரண்டு மணிவரை படிக்கும். போர்வையை மெதுவாக விலக்கி, புத்தகத்தின் அட்டை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'எங்கள் வீட்டு அறிவாளி' என்று போடுங்கள். அடுத்த வாரமே விரைவு வாசிப்பு வகுப்பில் சேர்த்துவிடுங்கள். படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் இருநூறு வார்த்தையில் மதிப்புரை கேளுங்கள், நாலு சொந்தக்காரர் குழுக்களில் பகிருங்கள். மாவட்டப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். முதல் பரிசு எவர்சில்வர் தட்டாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம்.

அதற்கும் மசியவில்லையென்றால் கடைசி ஆயுதம் அத்தை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். பிள்ளை ஒரு புத்தகத்தில் கடைசி இருபது பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூடத்துக்கு அழைத்து வாருங்கள். நடுவில் நிற்க வையுங்கள். "அத்தைக்கு அந்தக் கதையைச் சொல்லிக் காட்டு. சத்தமா. கையை ஆட்டிச் சொல்லு." அத்தை பாதியில் குறுக்கிட்டு, "அதெல்லாம் சரி, கணக்குல எவ்வளவு?" என்று கேட்பார். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.